துவைக்கிற இடத்துக் கல்லின் அடிப்பக்கம்

என்னங்க,

புழக்கடையில் மண்ணுக்குள் ஓடும் குழாய் நேற்றுக் காலை உடைந்துவிட்டது. பிளம்பர் துவைக்கிற இடத்துக் கல்லைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கியதும் ஒரு வாடை வந்தது. இருபது வருடமாகச் சோப்புத் தண்ணீர் குடித்த மண்ணின் வாடை. கல்லைச் சுவரில் சாய்த்துக் கழுவிப் பார்த்தவன், "என்னக்கா, அடியில பூரா புழு ஊர்ன மாதிரி இருக்கு? கொத்தி எறிஞ்சிரவா?" என்றான். "தொட்ட, கை இருக்காது" என்றேன். நான் அப்படித்தான் பேசுவேன் என்று உங்களுக்குத் தெரியும். பாவம், அவனுக்குத் தெரியாது.

ஆமாம், அந்தக் கல்தான். லாரிக்காரன் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று உங்களிடம் நான் சொன்ன கல். நீங்கள் போய்ச் சேர்ந்து ஒன்பது மாதம் கழித்து உண்மையைச் சொல்கிறேன்.

மற்றப் பெண்டாட்டிகளுக்குப் பொறாமைப்பட ஒரு பெண்ணாவது கிடைப்பாள். எனக்கு வாய்த்தது ஒரு புழு. அதுவும் செத்து ஐம்பது கோடி வருடத்துக்கு மேல் ஆன புழு.

கல்லூரியில் நிலவியல் நடத்திய உங்களுக்கு மதுரைப் பாறைகள்மேல் எப்போதும் ஒரு மனத்தாங்கல் உண்டு. "நம்ம ஊர்க் கல்லு பூமிக்குள்ள வெந்து வந்தது. ஆனைமலையையே குடைஞ்சாலும் ஒரு புழுத் தடம் கிடைக்காது" என்பீர்கள். அதனால் வெளியூரிலிருந்து வந்து இறங்கும் தளக்கற்களை விடமாட்டீர்கள். அழகர்கோவில் ரோட்டு மண்டபத்தில் என் தம்பி கல்யாணம். நான் பட்டுப்புடவையில் நிற்கிறேன். நீங்கள் பந்தி நடக்கும் இடத்தில் மண்டி போட்டு, கன்னத்தைத் தரையில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "மாப்ள எதைத் தேடுறாரு, மோதிரம் விழுந்துருச்சா?" என்று சித்தப்பா கேட்க, ஒரு பந்தி வரிசையே சாப்பாட்டை விட்டுவிட்டு மோதிரம் தேடியது. அன்று என் புடவை என்ன நிறம் என்று கேட்டிருந்தால் முழித்திருப்பீர்கள்.

திருநகரில் இந்த வீட்டைக் கட்டும்போது புழக்கடைக்கென்று ராஜஸ்தான் மணற்கல் வந்து இறங்கியது. ஒவ்வொன்றாகப் புரட்டினீர்கள். அன்றைக்குத்தான் எனக்குத் திருவாதவூர் தபால் நிலையத்துக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்தது. இரண்டு பஸ் மாற வேண்டும், பிள்ளையைப் பள்ளியில் யார் விடுவது என்று உங்களிடம் சொல்லி அழ வந்தேன். நீங்கள் தலையை நிமிர்த்தவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக் கல்லின்மேல் வைத்தீர்கள். சுண்டுவிரல் கனத்தில் ஒரு மேடு, வளைந்து வளைந்து போயிற்று.

"கடலடிச் சேத்துல இந்தப் புழு போன பள்ளத்துல மணல் நெறஞ்சு இறுகிருச்சு. அதான் கல்லுக்கு அடியில மேடா நிக்குது. எம்புட்டு நேர்த்தியாத் திரும்பியிருக்கு பாரு! தான் போன தடத்தை ஒட்டியே வருது, ஆனா குறுக்க வெட்டல. ஏற்கெனவே தின்ன மண்ணு எதுன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு. எலும்பு கிடையாது, ஓடு கிடையாது. அப்பக் கரையில ஒரு மரங்கூடக் கிடையாது. ஒடம்பு மக்கிப் போச்சு, போன வழி மட்டும் இருக்கு. நாங்க பேரு வைக்கிறதே தடத்துக்குத்தான். போனது யாருன்னே தெரியாது."

யாரென்றே தெரியாத ஒன்று எந்த இடத்தில் எதற்காகத் திரும்பியது என்று உங்களுக்குத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற என் முகம் தெரியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வாரம் நீங்கள் மாணவர்களோடு அரியலூர் போனீர்கள். நான் கொத்தனாரிடம் அந்தக் கல்லைக் காட்டி, "இதைத் துவைக்கிற எடத்துல போடுங்கண்ணே, மேடு பள்ளமெல்லாம் கீழ போகட்டும்" என்றேன். "வழவழப்புப் பக்கம்தானம்மா எப்பவும் மேல வரணும்" என்று அவருக்கும் மகிழ்ச்சி. நீங்கள் வந்து கேட்டபோது லாரிக்காரன் கதையைச் சொன்னேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "சரி" என்றீர்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதன்பின் தினமும் என் சக்களத்தி தலைமேல் நின்று துணி அலசினேன். அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

புழு போதாதென்று பிறகு ஓர் ஆளும் வந்தாள். உங்கள் துறையில் வேலைக்குச் சேர்ந்த டீச்சர். அவளோடு போனில் பேசும்போது உங்கள் குரலே வேறு. "இந்தப் புழுக்கதாம்மா மொதமொதக் கடலடியத் தோண்ட ஆரம்பிச்சதுக. அதுக்கு முன்னாடி அது உழாத நிலம்" என்று சொல்லிச் சிரிப்பீர்கள். என்னோடு பேச்சு பால் பாக்கெட்டிலும் கேஸ் சிலிண்டரிலும் முடிந்துவிடும்.

நேற்று அவளுக்குத்தான் போன் செய்தேன். வேறு யாரைக் கூப்பிட? செய்த தப்புக்குக் கல்லைக் கல்லூரிக்கே கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். "இந்தா வாரேங்க்கா" என்றவள் அரை மணியில் வந்து நின்றாள். மண்டி போட்டாள். மேடு தெரிய வேண்டுமென்றால் வெளிச்சம் சாய்ந்து விழ வேண்டும் என்பீர்களே, அதேபோல் போன் லைட்டைப் பக்கவாட்டில் பிடித்தாள். "தான் போன தடத்தைக் குறுக்க வெட்டல பாருங்க" என்றாள். சொல்லுக்குச் சொல் உங்கள் பேச்சு. எனக்கு வயிறு எரிந்தது.

பிறகு நிமிர்ந்து, "சார் சொன்ன கல்லு இதுதானாக்கா?" என்றாள்.

"என்ன சொன்னாரு?"

"கொத்தனாரு அப்பவே சார்ட்ட சொல்லிட்டாராம். தடம் அடியில கிடக்குன்னு சாருக்குத் தெரியும். எடுத்து டிபார்ட்மெண்ட்ல வைக்கலாம் சார்னு நான் எத்தனையோ தடவ கேட்டேன். 'வேணாம்மா. காலைல அவ அதுல நின்னுதான் என்னையத் திட்டுவா. அம்புட்டையும் ஜன்னல் வழியாக் கேட்டாத்தான் எனக்குப் பொழுது விடியும். அவ நிக்கிற எடத்துல கைவைக்கக் கூடாது'ன்னாரு."

நான் அழுதிருக்க வேண்டும். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இத்தனை வருடம் நான் ஏங்கிக் கிடந்த பேச்சைக் கொண்டுபோய் அவளிடம் பேசியிருக்கிறீர்கள். எனக்கு வெறும் "சரி". அந்த ஜன்னலைத் திறந்து என்னிடமே சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

கல்லைக் கொடுக்கவில்லை. போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பிளம்பர் அதைப் பழையபடி தடம் அடியில் போகவே பதித்துவிட்டுப் போனான்.

அவள் கிளம்ப எழுந்தாள். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். "இரும்மா, காப்பி போடுறேன். என்னையப் பத்தி வேற என்னென்ன சொன்னாரு? ஒண்ணு விடாமச் சொல்லு" என்றேன்.

இரண்டு காப்பி ஆயிற்று. சனிக்கிழமையும் வரச் சொல்லியிருக்கிறேன். எனக்கென்று நீங்கள் பேசியதெல்லாம் அவளிடம் இருக்கிறது. கடைசிச் சொல்வரை வாங்காமல் அவளை நான் விடுவதாக இல்லை.