பூட்டிய பெட்டிக்குக் காய்ச்சல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அப்பா சுகம், உன் அண்ணனும் அவன் வீட்டாரும் சுகம். நான்கு மாதமாக இந்த வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தது உன் அப்பாவின் கார் ஒன்றுதான், அதுவும் போன வியாழக்கிழமை எழுந்துவிட்டது. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் என்றால் பாதியிலேயே சரிம்மா சரிம்மா என்று முடித்துவிடுவாய், காகிதத்தில் அது முடியாது. அதோடு இத்தனை நாளாக அந்தக் காரைப் படுக்க வைத்த குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று. அதை எழுத்தில் தெரிவிப்பதுதான் முறை.

ஒன்றரை மாதத்துக்கு முன் நீ அப்பாவிடம், இவ்வளவு செலவு செய்து அந்தப் பழைய காரைக் கட்டிக்கொண்டு அழுவதற்குப் பேசாமல் உடைத்து விற்றுவிடுங்கள் என்று சொன்னாயே, அன்றிலிருந்து அவர் போன் பக்கம் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மணி அடித்ததும் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். நம் வீட்டில் இருப்பது மூன்று தொட்டி, அவற்றுக்கு ஒரு மணி நேரம் தண்ணீர். கோபமா என்று கேட்டால் எனக்கென்ன கோபம் என்பார். முப்பது வருஷம் ரயில் நேர அட்டவணை போட்ட மனிதர் இல்லையா, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதில்கூட ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆகாது. நீ மட்டும் குறைச்சலா, அப்பா எப்படி இருக்கிறார் என்று என்னிடம் கேட்கத் தெரிகிறது, அவரிடம் போனைக் கொடு என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே பிடிவாதம், நடுவில் நான். இதில் உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. மாதக் கடைசிக்குள் கார் ஓடாவிட்டால் எடுத்துக்கொண்டு போகலாம் என்று கார் உடைக்கும் கடைக்காரரிடம் அவர் சொல்லிவிட்டார். நீ சொன்னதற்காகத்தான் சொன்னார். கொடுத்துவிட்டால் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டார், அது எனக்குத் தெரியும். ஆனால் அப்புறம் நீங்கள் இருவரும் எதைப் பற்றித்தான் பேசிக்கொள்வீர்கள்?

அந்தக் கார் மேல் எனக்கு ஒன்றும் தனிப் பாசம் கிடையாது என்பது உலகத்துக்கே தெரியும். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டு இருக்கை உள்ள காரை வாங்கி வந்த ஒரே மனிதர் உன் அப்பாதான். அப்போது உனக்குப் பத்து வயது. நீயும் அவரும் காரில் போவீர்கள், நானும் உன் அண்ணனும் பின்னால் பஸ்ஸில் வருவோம், பல நாள் பஸ்தான் முதலில் வந்து சேரும். இந்த முறை முதலில் முன்விளக்கில்தான் கோளாறு வந்தது. பட்டனை அழுத்தினால் மூடியைத் தூக்கிக்கொண்டு மேலே வருமே, அதில் ஒன்று வந்தது, இன்னொன்று பாதியில் நின்றுவிட்டது. அப்படியே மூன்று தெரு ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். இந்த வயதில் உங்கள் வீட்டுக்காரர் யாரைப் பார்த்துக் கண்ணடிக்கிறார் என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். அந்த மோட்டாரை மாற்றினார்கள். அடுத்த வாரமே காலையில் சாவி போட்டால் கார் மூச்சு விடவில்லை, பேட்டரி காலி. புது பேட்டரி போட்டார்கள், இரண்டே நாளில் அதுவும் காலி.

எலக்ட்ரீஷியனை உனக்குத் தெரியும், கழுத்தில் எப்போதும் மீட்டரை மாட்டிக்கொண்டு வருவாரே, நீ மீட்டர் மாமா என்று கூப்பிடுவாயே, அவர்தான். சாவியை எடுத்த பிறகும் கரண்ட் எங்கேயோ ஒழுகுகிறது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார், எதைப் பிடுங்கினாலும் ஒழுகல் நிற்கவில்லை. ஃபியூஸ் பெட்டிக்கு வெளியே யாராவது தனியாக ஒயர் இழுத்திருக்கிறார்களா சார் என்று கேட்டார். உன் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, இந்தக் காரில் என்னையும் என் பெண்ணையும் தவிர யாரும் கை வைத்தது இல்லை என்றார். அந்தப் பதிலிலேயே விஷயம் இருந்திருக்கிறது, யாருக்கும் உறைக்கவில்லை. சரி, அப்படியென்றால் ஆல்டர்னேட்டர்தான் என்று அதை மாற்றினார்கள். அது கடல் தாண்டி வர ஆறு வாரம். அதன் விலைக்கு இந்த வீட்டுக்கு ஒரு நல்ல ஃபிரிட்ஜ் வந்திருக்கும் என்று நான் சொன்னேன், ஃபிரிட்ஜ் ஓடுமா என்று கேட்டார். ஒழுகல் நிற்கவில்லை. பிறகு எஞ்சினுக்கு மூளை மாதிரி ஒரு பெட்டி இருக்கிறதாம், அதைப் பழைய கார்க்காரர்கள் யாரிடமோ கெஞ்சி வாங்கி வந்து பொருத்தினார்கள். இருப்பதிலேயே விலை கூடியது அதுதான். நீ போனில் சண்டை போட்டதும் அதற்குத்தான். அதற்கும் நிற்கவில்லை. உன் அப்பா காரைத் துணி போட்டு மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார், அன்று சர்க்கரை போடாத காப்பியைக் கொடுத்தேன், தெரியாமலே குடித்தார்.

வியாழக்கிழமை மீட்டர் மாமா கடைசித் தடவையாகப் பார்க்கிறேன் என்று பேட்டரியை நிறைத்து மாட்டினார். இரண்டு பேரும் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார்கள். கீரை ஆய இடம் தேடிக்கொண்டிருந்த நான், இன்னும் சில நாளில் போகப்போகிற காரில் ஒரு தடவையாவது சொகுசாக உட்காரலாம் என்று உன் இருக்கையில் போய் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும், முழங்கால் இதமாக இருந்தது. வெயில் அந்தப் பக்கம் இல்லை. கையை வைத்துப் பார்த்தால் எதிரே டேஷ்போர்டில் இருக்கும் பெட்டியின் மூடி வெதுவெதுவென்று இருக்கிறது. முப்பது வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த கை இது, இதற்கு மீட்டர் வேண்டாம். இதுக்குக் காய்ச்சல் அடிக்குது, வந்து பாருங்க என்று கூப்பிட்டேன். மீட்டர் மாமா கையை வைத்தார், தலையைச் சொறிந்தார், பெட்டிச் சாவி எங்கே என்று கேட்டார்.

சாவி உன்னிடம் இருக்கிறது. ஆறு வருஷமாக உன்னிடம்தான் இருக்கிறது. ஊருக்குப் போன அவசரத்தில் உன் சாவிக்கொத்தோடு போய்விட்டது என்று சொன்னாய், அடுத்த தடவை கொண்டுவருகிறேன் என்றாய், மூன்று தடவை வந்தாய், மூன்று தடவையும் மறந்தாய். பூட்டை உடைக்கலாம் என்று யார் சொன்னாலும் உன் அப்பா விட்டதில்லை, அது அவள் பெட்டி, அவள் வந்து திறப்பாள் என்பார். காரின் மூளையையே மாற்றத் துணிந்தவர் ஒரு சின்னப் பூட்டைத் தொட விடாமல் நான்கு மாதம் ஓட்டியிருக்கிறார், இதை எந்த ஊரில் போய்ச் சொல்வது. கடைசியில் கீழே இருந்து கீலைக் கழற்றி, பூட்டுக்கு ஒன்றும் ஆகாமல் மூடியை இறக்கினார்கள். உள்ளே ஒரு சின்ன பல்பு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. மூடினால் அணைய வேண்டிய பட்டனின் பிளாஸ்டிக் முனை வருஷக்கணக்கில் மக்கி இப்போது உடைந்துபோய், மூடிய பெட்டிக்குள் யாருக்கும் தெரியாமல் இரவு பகலாக எரிந்திருக்கிறது. ஒயர் ஃபியூஸ் பெட்டிப் பக்கமே போகாமல் நேராகப் பேட்டரியிலிருந்து வருகிறது, மற்ற ஒயர்களோடு சேர்த்துக் கறுப்பு டேப்பால் அவ்வளவு நேர்த்தியாகச் சுற்றியிருக்கிறது. கம்பெனிக்காரன் சுற்றியது என்றே இத்தனை நாளும் நினைத்தேன் என்று மீட்டர் மாமா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பெட்டிக்குள் ஒரு சீப்பு, உருகி உறைந்த ஒரு சாக்லேட், அப்புறம் நீ லைப்ரரிக்குப் போகிறேன் என்று போன ஒரு நாளில் அதிவேகத்துக்குக் கட்டிய அபராத ரசீது. ஓடி ஒளியாதே, உன் அப்பா அதை மூன்று தடவை படித்துவிட்டு, நம்ம வண்டி இவ்வளவு வேகம் போச்சா என்று உச்சி குளிர்ந்து போனார். பல்புக்கு நேர் கீழே ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு. அதன் மேல் ஒட்டிய காகிதத்தில் உன் கையெழுத்து. அப்பாவுக்கு, இருட்டில் தேட வேண்டாம் என்று எழுதியிருந்தது. நீ கிளம்புகிற வாரம், காரில் சாயங்காலமானால் கண்ணாடி கைக்கு அகப்படுவதில்லை என்று அவர் புலம்பிக்கொண்டே இருந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவருக்கென்று விளக்கும் வைத்து, கண்ணாடியும் வாங்கி வைத்து, பூட்டி, சொல்லாமலே போய்விட்டிருக்கிறாய். உனக்கு இது ஞாபகமாவது இருக்கிறதா?

மீட்டர் மாமா கட்டரை எடுத்து, இந்த ஒயரை வெட்டிவிட்டால் முடிந்தது வேலை என்று குனிந்தார். "வெட்டாதீங்க தம்பி. பல்பை மட்டும் கழட்டுங்க. அது இருக்கட்டும்" என்று உன் அப்பா கண்ணாடிக் கூட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, கீரைக்காம்பு பட்டதாகச் சொல்லிச் சமாளித்தேன், கீரைக்காம்புக்குக் கண் கலங்குமா என்று யாரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் சாவி போட்டதும் கார் கிளம்புகிறது. மாதக் கடைசியில் உடைக்கும் கடைக்காரர் கயிறும் வண்டியுமாக வந்தார், உன் அப்பா அவரையே உட்கார வைத்து ஊரை ஒரு சுற்று சுற்றிக் காட்டிவிட்டு வெறுங்கையோடு அனுப்பிவிட்டார். கழற்றிய பழைய ஆல்டர்னேட்டரும் பழைய மூளையும் நன்றாகத்தான் இருந்திருக்கின்றன, அவற்றைத் துடைத்து உன் அலமாரியில் அடுக்கியிருக்கிறார். உன் துணிகளை எங்கே வைப்பது என்று கேட்டால் அவளுக்குப் புரியும் என்கிறார். அந்தப் பல்பைப் பேனா வைக்கும் டப்பாவில் போட்டிருக்கிறார். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், பவர் போதவில்லை, ஆனாலும் அதைப் போட்டுக்கொண்டுதான் பேப்பர் படிக்கிறார், எழுத்து தெரிகிறதா என்று நானும் கேட்பதில்லை.

உன் அண்ணன் வீட்டில் சமையலறைக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள், நிறம் எனக்குப் பிடிக்கவில்லை, அவனிடம் சொல்லிவிடாதே. நீ போன தடவை இருமினாய், வெந்நீர் குடி. வேலை வேலை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. அப்புறம் அந்தச் சாவியை இப்போதே உன் பயணப் பெட்டிக்குள் எடுத்து வை, கிளம்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நான்காவது தடவையும் அங்கேயே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்குக் கூப்பிடு. சனிக்கிழமையே செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிடும், அதற்கு நான் பொறுப்பு.

எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கூடி வந்து, நீ நிறைவாக இருக்க வேண்டும் என்ற ஆசிகளுடன்,

உன் அம்மா

கடிதத்தை ஒட்டப் போனேன், கொடு என்று வாங்கி முழுவதும் படித்துவிட்டு உன் அப்பா பென்சிலால் எழுதியது கீழே:

ஒயரில் நீ வைத்த சால்டர் சுத்தமாக இருக்கிறது. ஃபியூஸ் வைக்காமல் விட்டது தப்பு. யாரையும் தொட விடவில்லை. வந்து நீயே வை.
அப்பா