முதல் அடி அப்பாவுக்கு

1986 செப்டம்பர் 8, திங்கள்

இன்று நாற்பத்திரண்டு கார்கள். என் வேலை முன்கண்ணாடி துடைப்பது. கார் கழுவ வருகிறவர்கள் ஏதாவது பேச்சுக் கொடுப்பார்கள். எனக்கு வாய் வராது. மார்ச்சில் பள்ளிக்கூடத்தை விட்டதே அதனால்தான். எழுந்து நின்று வாசி என்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும். இங்கே முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியின் கீழ் மூலையிலுள்ள சின்னத் தகட்டைப் பார்த்துக்கொண்டே துடைக்கலாம். எழுத்தும் எண்ணுமாகப் பதினேழு. முதலாவது, கார் எந்த நாட்டில் செய்தது என்று சொல்லும். ஒன்று அமெரிக்கா, இரண்டு கனடா, மூன்று மெக்சிகோ. ஜே என்றால் ஜப்பான்.

சனிக்கிழமை அப்பா மீன் பிடிக்கப் போனார். தூண்டில் கொட்டகையிலேயே கிடக்கிறது.

செப்டம்பர் 13, சனி

மறுபடியும் “மீன்.” அப்பாவின் மேல்கோட்டுப் பையிலிருந்து பழுப்பு டையின் நுனி எட்டிப் பார்த்தது. தெருமுனை திரும்பும் வரை ஜன்னலில் நின்று பார்த்தேன். ஏரி இருக்கும் பக்கம் திரும்பவில்லை. தெற்கே திரும்பினார்.

வேறு யாராவது பெண்ணா? சீ. அப்பாவா? ஆனால் டை எதற்கு?

அம்மாவிடம் கேட்டேன். “உனக்கு எதுக்கு அதெல்லாம்?” என்று உருளைக்கிழங்கைச் சீவிக்கொண்டே இருந்தாள். அம்மாவுக்குத் தெரியும். தெரியாதவளாக இருந்தால் கோபப்பட்டிருப்பாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அப்பா காரை நானே கழுவித் தருகிறேன் என்றேன். சந்தோஷமாகச் சாவியைக் கொடுத்தார். பாவம்.

இருக்கைக்கு அடியில் கடிதம். தெற்கே ஜப்பான்காரர்கள் கட்டும் புதுக் கார் ஆலையிலிருந்து. அப்பா அங்கே வேலைக்கான இரண்டு தேர்வுகள் முடித்துவிட்டார். மூன்றாவது, கடைசி, அக்டோபர் 4.

பெண் இல்லை. அதைவிட மோசம்.

அப்பாவின் ஆலை வரும் கோடையில் மூடிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருபத்திரண்டு வருஷமாக அங்கே காருக்குக் கதவு மாட்டுகிறார். இந்தப் புது வேலை கிடைத்தால் வீடு தப்பும். ஆனால் யாருக்காவது தெரிந்தால்? தொழிலாளர் சங்க மண்டப வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள்: வெளிநாட்டுக் காரை இங்கே நிறுத்தினால் இழுத்துக்கொண்டு போய்விடுவோம். காருக்கே அப்படி. அவர்களிடம் வேலை கேட்டுப் போன ஆளை என்ன செய்வார்கள்?

கடிதத்தை இருந்த மாதிரியே வைத்தேன்.

செப்டம்பர் 17, புதன்

வெர்ஜில் மாமா கார் கழுவ வந்தார். அப்பாவுக்கு அடுத்து நின்று கதவு மாட்டுகிறவர். சங்கப் பிரதிநிதியும் அவர்தான்.

“என்ன நாடின், ஊமைக் கிளி! உங்கப்பனுக்கு மீன் ஏதாவது மாட்டுச்சா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“மாட்டும், மாட்டும். டை கட்டிக்கிட்டுப் போனா மீனே மரியாதையா வந்து படகுல ஏறிக்கும்ல?” தானே சிரித்துக்கொண்டார்.

அப்பா வீட்டில் டை கட்டுவதே இல்லை. பையில்தான் வைத்துக்கொண்டு போகிறார். அப்படியானால் இவர் எங்கே பார்த்தார்?

செப்டம்பர் 18, வியாழன்

வெர்ஜில் மாமா அப்பாவின் பின்னாலேயே போயிருக்கிறார். வேவு. வேறென்ன?

செப்டம்பர் 20, சனி

அப்பா கடைசித் தேர்வுக்காக நிலவறையில் போல்ட்டில் நட்டு மாட்டிப் பழகுகிறார். அம்மா கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். “இன்னும் நாலு செகண்ட் குறையணும், வாண்டா” என்கிறார் அம்மாவிடம். நான் படியில் நிற்பதைப் பார்த்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

சொல்லிவிட்டேன். கடிதம், டை, வெர்ஜில் மாமா, எல்லாம். அப்பா கோபிக்கவில்லை. “அவன் எனக்குப் பதினஞ்சு வருஷப் பழக்கம்மா. சும்மா கிண்டல் பண்ணிருப்பான்” என்றார். ஆனால் அதன் பிறகு நட்டு இரண்டு தடவை கீழே விழுந்தது.

செப்டம்பர் 26, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் விருந்து. ஜப்பான் கார் ஒன்றை எல்லோரும் சம்மட்டியால் அடித்து நொறுக்கப் போகிறார்கள். அந்தக் காரை வெர்ஜில் மாமா வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு கழுவ வந்தார்! நீலக் கார், ஒரு பக்கம் நசுங்கியது.

“உடைக்கப் போற வண்டியை எதுக்குய்யா கழுவுற?” என்று முதலாளி கேட்டார்.

“பேப்பர்ல இருந்து போட்டோ எடுக்க வர்றாங்க. அழுக்கு வண்டியை அடிச்சா என்ன மதிப்பு?”

தகட்டைப் பார்த்தேன். ஒன்று. துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். ஒன்றேதான். பெயர் மட்டும் ஜப்பான். செய்தது இங்கே, நம் ஆட்கள். ஒஹையோ மாநிலத்தில் ஜப்பான்காரர்கள் வைத்திருக்கிற ஆலையாக இருக்கும்.

சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “வெளியில சொல்லிடாதே. உனக்கு ஏன்டி அந்தக் கார்மேல இவ்வளவு அக்கறைன்னு கேப்பாங்க. அப்புறம் என்னைப் பாப்பாங்க.”

செப்டம்பர் 28, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும்.

புல்வெளியில் முந்நூறு பேர் இருப்பார்கள். கீல்பாசா தொத்திறைச்சி சுடும் புகை. வெர்ஜில் மாமா பெஞ்சு மேல் ஏறி, “முதல் அடி செஸ்டருக்கு!” என்று கத்தினார். செஸ்டர் என் அப்பா.

“எனக்குத் தோள் வலிக்குதுப்பா. வேற யாராவது அடிங்க.”

“மீன் பிடிக்கிற தோளுக்கு என்ன வலி வந்துச்சு? இல்ல, அந்த வண்டிமேல உனக்கு ஏதும் பாசமா?”

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. அப்பாவையே பார்த்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார்.

ஒரே ஒரு வார்த்தை. ஒன்று. இது ஒன்றில் ஆரம்பிக்கிற கார் என்று நான் சொல்லியிருந்தால் ஆளாளுக்குக் குனிந்து பார்த்திருப்பார்கள், சண்டை போட்டிருப்பார்கள், அப்பாவை மறந்திருப்பார்கள். அப்பா வேண்டாம் என்றது வெள்ளிக்கிழமை. இன்று அந்தப் பார்வையில் என்ன சொன்னார்? சொல் என்றா, சொல்லாதே என்றா? எனக்கு வாயே வரல.

அப்பா சம்மட்டியை வாங்கி அடித்தார். கண்ணாடி சிதறியது. போட்டோக்காரர் மண்டியிட்டு எடுத்தார்.

இன்னொன்று. எந்தப் போட்டோவிலும் முண்டியடித்துக்கொண்டு முன்னால் நிற்கிறவர் வெர்ஜில் மாமா. இன்று நாலடி பின்னால் போய், போட்டோக்காரர் முதுகுக்குப் பின்னால் நின்றார். ஏன்?

செப்டம்பர் 29, திங்கள்

முதல் பக்கம். ஓங்கிய கையோடு அப்பா. கீழே முழுப் பெயர். முதலாளி அதை வெட்டிக் கல்லாவுக்கு மேலே ஒட்டினார்.

அக்டோபர் 4, சனி

அப்பா போனார். பகல் பன்னிரண்டுக்கே திரும்பிவிட்டார். டையைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்தார்.

“அந்தப் பேப்பர் அவங்க மேசைமேல இருந்துச்சு. அதைப் பத்தி ஒண்ணும் சொல்லல. மரியாதையாத்தான் பேசினாங்க.”

அம்மா காபி ஊற்றினாள்.

“வரிசையில எனக்கு மூணு பேருக்குப் பின்னால வெர்ஜில் நின்னான்” என்றார் அப்பா. “ஷூவைப் பார்த்துக்கிட்டே நின்னான்.”

அப்படியானால் அது வேவு இல்லை. அவரும் அங்கேதான் போய்வந்திருக்கிறார். டையை அங்கேதான் பார்த்திருக்கிறார்.

“அவனும் பயந்திருப்பான். நான் எங்க வெளிய சொல்லிடுவேனோன்னு” என்றார் அப்பா.

“பயந்தவன் சம்மட்டியை உங்க கையில எதுக்குக் குடுக்கணும்?” என்றாள் அம்மா.

அப்பா அப்போதுதான் டையைக் கழற்றினார். நானும் இதை எத்தனையோ விதமாக யோசித்துவிட்டேன். போட்டோக்காரரைக் கூப்பிட்டது சங்கம் என்கிறார்கள். சங்கத்தில் யார்?

நவம்பர் 12, புதன்

புது ஆலையிலிருந்து அப்பாவுக்குக் கடிதம் வந்தது. இரண்டே வரி. வேலை இல்லையாம், எதிர்காலத்துக்கு வாழ்த்துகளாம்.

நவம்பர் 17, திங்கள்

வெர்ஜில் மாமா ஆலையிலிருந்து விலகிவிட்டார். பிரதிநிதி பதவியையும் விட்டாயிற்று. புது ஆலையில் ஜனவரி முதல் வேலை. ஊரே திட்டுகிறது. அப்பா மட்டும் திட்டவில்லை. “புள்ளகுட்டிக்காரன்” என்றார். அம்மா பாத்திரத்தைத் தடாலென்று வைத்தாள். “அப்ப நீங்க யாரு?”

1987 ஜனவரி 11, ஞாயிறு

மதியம் சங்கக் கூட்டம். வெர்ஜில் மாமாவின் இடத்துக்கு அப்பாவைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை. “முதல் அடி அடிச்சவன் இருக்கும்போது வேற யாரு?” என்றார்களாம். வரிசையில் நின்று கை குலுக்கினார்களாம். ஆலை ஜூனில் மூடுகிறது என்று அதே கூட்டத்தில்தான் அறிவித்தார்கள்.

அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு இரண்டு செய்திருக்கிறார்கள். ஒன்று மண்டபத்துக்கு. ஒன்றை அப்பா கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

“எங்க வைக்கிறது இதை?” என்றாள் அம்மா.

“முன்ஹால்லயே மாட்டச் சொல்லு. வர்றவங்க போட்டோ எங்கன்னு கேப்பாங்க.”

நான்தான் மாட்டினேன். ஆணி அடித்து முடிக்கும் வரை அப்பா வாசலுக்கு வெளியே போய், பனியில், கோட்டு இல்லாமல் நின்றார்.