கீழ்வீட்டு மோட்டார்

இன்று காலை குழாயில் தண்ணீர் நூலாக இறங்கியது. உள்ளே பையனுக்குக் காய்ச்சல். வாளி பாதிகூட நிரம்பவில்லை. இன்னும் அரைமணியில் நின்றுவிடும். என் விரல் தானாக மோட்டார் சுவிட்சின் மேல் போய் நின்றது. மூன்று வருஷமாக அதைப் போடவில்லை. கழற்றவும் இல்லை.

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. இதை எழுத எனக்கு இவ்வளவு நாளாயிற்று.

இதே ஜனக்புரி வீடுதான். மாடியில் நீ, கீழே நான். டில்லிக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் சேர்த்துத் தண்ணீர்த் திட்டம் போடும் அலுவலகத்தில் உனக்கு வேலை. சாயங்காலம் வரைபடத்தை என் கட்டிலில் விரிப்பாய். கைக்குழந்தையாக இருந்த இவன் தவழ்ந்துபோய் அதன் ஓரத்தைக் கடிப்பான். "டேய், யமுனையைத் தின்னாதடா, ஏற்கெனவே மிச்சமில்ல!" ஆற்றோரம் நீ பச்சை அடித்த இடத்தில் கட்டடம் வரக்கூடாது, மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்க வேறு இடமில்லை என்று மேலதிகாரியிடம் சண்டை போட்டுவிட்டு, சாப்பிடாமல் வந்து உட்கார்ந்த நாள்களும் உண்டு.

மூன்று வருஷத்துக்கு முந்தைய மே மாதம், உன்னிடம் சொல்லாமல், தெருவில் எல்லோரையும் போல நானும் தண்ணீரை இழுக்கக் குழாயிலேயே மோட்டார் மாட்டினேன். மறுநாள் காலி வாளியோடு இறங்கி வந்தாய்.

"என்னடி, கீழ வருதா? மேல ஒரு சொட்டு இல்ல."

"இல்லடி, இங்கயும் வரல."

என் முதுகுக்குப் பின்னால் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. நீ சிரித்தாய். "சுத்தி இருக்கிற ஊருக்கெல்லாம் டில்லியும் இதைத்தான் பண்ணுது. அதோட மோட்டார் கொஞ்சம் பெரிசு." வாளியோடு படியேறிவிட்டாய். நான் கூப்பிடவில்லை.

நாலாம் நாள் தண்ணீரில் லேசாகச் சாக்கடை வாடை. வடிகட்டினால் போதும் என்று இருந்துவிட்டேன். குழாயின் ஏதோ விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடையையும் மோட்டார் சேர்த்து இழுத்திருக்கிறது. சாயங்காலத்துக்குள் வயிற்றுப்போக்கில் குழந்தையின் கண் உள்ளே போய்விட்டது. ஆட்டோவில் அவனை நீதான் மடியில் வைத்திருந்தாய். "பையா, ஜல்தி, ஜல்தி!" என்று, சீக்கிரம் போகச் சொல்லி ஆட்டோக்காரரிடம் தொண்டை கட்டும்வரை கத்தினாய். மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றும் இல்லை, அவன் பிழைத்து வீடு வந்த பிறகும் இல்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நானும் இருந்தேன். உன் நோய் என்னை முந்திக்கொண்டது.

இன்று விரல் சுவிட்சில் இருக்கும்போது படியில் வாளிச் சத்தம். மாடிக்குப் புதிதாக வந்திருக்கும் பஞ்சாபிப் பெண்.

"தீதி, நீச்சே பானி ஆ ரஹா ஹை?"

கீழே தண்ணீர் வருகிறதா என்று அன்று நீ கேட்ட அதே கேள்வி. விரலை எடுத்தேன். "ஆ ரஹா ஹை", வருகிறது என்றேன். இருந்ததில் பாதியை அவள் வாளியில் சரித்தேன். மிச்சத்தில் துணியை நனைத்துப் பையன் நெற்றியில் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

அன்றைக்கும் வந்ததுடி. வாளி நிறைய வந்தது.