ஹன்னோவும் வெட்டாத பக்கங்களும்

இன்று காலை எழுந்ததும் அடுப்புகூடப் பற்றவைக்காமல், பழம் நறுக்கும் கத்தியால் அந்தப் பிரெஞ்சுப் புத்தகத்தின் பக்கங்களை வெட்டினேன். கார்த்தேஜ் என்ற பழைய நாட்டின் வரலாறு, இரண்டாம் பாகம். பிரான்ஸிலிருந்து வரும் புத்தகங்களில் தாள்கள் மடிப்போடு சேர்ந்தே இருக்கும். வாங்கியவர்தான் வெட்டிப் படிக்க வேண்டும். இத்தனை வருடமாக நான் வெட்டவில்லை.

அக்கா, உன்னைக் கருவடிக்குப்பம் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய் எட்டு மாதமாகிறது.

பள்ளிப் பெண்களுக்காகப் பழைய உலகத்தின் கதையைத் தமிழில் எழுதினாய். உனக்குப் பிரெஞ்சு தெரியாது. நீ எழுதியதை நான் என் புத்தகங்களோடு ஒப்பிட்டு, சரியென்றால் ஓரத்தில் பென்சில் கோடு போட்டுத் தருவேன். பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய வாரத்தில் ஒரு பக்கத்தோடு வந்தாய்.

“கோட்டைய விட்டுட்டு வந்தானே கார்த்தேஜ்காரன் ஹன்னோ, அந்தத் தளபதியேதான் அப்புறம் யானைப் படையோட வர்றானா? நல்லா பாத்துட்டியாடி?”

பார்க்கவில்லை. தெருவில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது, எனக்கு அவசரம். “பாத்தாச்சு. அவனேதான். பிரெஞ்சு எனக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா?”

“சரிங்க மதாம்” என்று சிரித்தாய். கோடு போட்டுக் கொடுத்தேன்.

உன் புத்தகம் அச்சாகி வந்தது. கோட்டையை விட்ட ஹன்னோவை அவன் ஊர்க்காரர்களே சிலுவையில் அறைந்துவிட்டார்கள், யானையோடு வந்தவன் வேறொரு ஹன்னோ என்று ஒரு பத்திரிகை எழுதியது. செத்தவனை யானைமேல் ஏற்றிய அம்மையார் அடுப்பங்கரையோடு நின்றிருக்கலாம் என்றும் எழுதியது. “பிழை என்னுடையது” என்று அவர்களுக்கு ஒரு வரி எழுதிப் போட்டாய். அதற்குப் பிறகு நீ எதையுமே எழுதவில்லை.

அந்த வாரம் என் வீட்டுக்கு வந்தாய். நான் காப்பியோடு திரும்பியபோது இந்தப் பாகம் உன் கையில் இருந்தது. வெட்டாத மடிப்பின் ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தாய்.

“சக்கர தூக்கலா இருக்குடி” என்றாய். வேறொன்றும் கேட்கவில்லை.

அதன் பிறகும் ஐந்து வருடம் இருந்தாய். வாரம் தவறாமல் வந்தாய். நான் சொல்லவேயில்லை.

இன்று வெட்டிய நான்காவது தாளிலேயே ஹன்னோ இருவர் என்று இருக்கிறது. இரண்டே வரி. படிக்க ஒரு நிமிடம் ஆகவில்லை.

நேற்று உன் மகள் வந்திருந்தாள். உன் புத்தகத்தை மறுபடி அச்சிடுகிறார்களாம். “முன்னுரையா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க சித்தி. அந்த யானை சமாச்சாரத்த மட்டும் எடுத்துடலாம், அம்மாவுக்கு அசிங்கம்” என்றாள். தலையாட்டி அனுப்பிவிட்டேன்.

எடுக்கப்போவதில்லை. இரண்டு ஹன்னோக்களையும் பிரித்து எழுதுவேன். முன்னுரையின் முதல் வரியில், படிக்காத பக்கத்தைப் படித்ததாக உன்னிடம் பொய் சொன்னவள் நான்தான் என்று என் பெயரோடு எழுதுவேன். உன் மகளுக்குக்கூட இன்னும் தெரியாது.