ஓஸ்லா தூக்கிய தீவட்டி

அன்புள்ள லவுரிக்கு,

நம் பேரன் மாக்னஸ் மாலுமிப் பரீட்சையில் தேறிவிட்டான். பேத்திகளில் சின்னவள் இங்கா பிடில் போட்டியில் முதலாவதாக வந்தாள். பெரியவள் ஓஸ்லா, ஆண்கள் மட்டுமே போய்வந்த லெர்விக் ஊரின் வைக்கிங் வேஷ ஊர்வலத்தில், நேற்று தீவட்டி தூக்கினாள்! உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

நேற்று பேய்க்காற்று. பக்கத்தில் வந்தவர், "கை நடுங்குதே பாப்பா, என்கிட்ட குடு" என்றார். "உங்க தாடி பத்திக்கப் போவுது பெரியப்பா, தள்ளி நடங்க" என்றாள் நம்மவள். கடைசிவரை கொண்டுபோய், எரிப்பதற்கென்றே ஊரார் நாலு மாதமாகச் செய்த கப்பல்மேல் வீசினாள். அது எரிந்தபோது என் கண்ணில் நீர், புகைதான், வேறொன்றுமில்லை.

"பொட்டப்புள்ள தீவட்டி புடிச்சா என் தாடிய வழிச்சிடுறேன்" என்றீர்களே, வழியுங்கள். உங்கள் முகவாயைப் பார்த்து முப்பது வருஷமாகிறது. மீன் பட்டறைச் சங்கு ஊதிவிட்டது, வேலைக்குக் கிளம்புகிறேன். நீங்கள் எடுத்துப்போன என் கம்பளிக் கையுறையோடு, தாடியில்லாத புதுப் போட்டோ ஒன்றும் தபாலில் அனுப்புங்கள்.