உங்கள் நாற்காலி செய்த வேலை

அன்புள்ள கப்பல்காரருக்கு,

என் இதயம் நன்றாக இருக்கிறது. அதற்கு என்ன வந்தது என்று பதறாதீர்கள். நீங்கள் கப்பலேறிய வாரத்திலிருந்து நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்குவதுபோல் இருந்தது. நடுக்கடலில் இருப்பவரிடம் சொல்லி என்ன பயன்? ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தேன். ஒரு குறையும் இல்லை.

"அப்ப அண்ணனை நினைச்சு ஏங்குறீங்க அண்ணி" என்றாள் உங்கள் தங்கை. இதய நோயே மேல் என்று தோன்றியது.

நேற்று, டாக்டர் அனுப்பிவைத்த பிசியோதெரபிஸ்ட் என் நடுமுதுகில் ஓர் எலும்பை அழுத்தினார். முன்னால் நெஞ்சில் அதே இறுக்கம்! நம்பாமல், "இன்னொரு தடவை அழுத்துங்க" என்றேன். மறுபடியும் அதே.

"நெஞ்சு பாவம் மேடம், முதுகுதான் ஆள்மாறாட்டம் பண்ணுது. எதுல உக்காந்து பேப்பர் திருத்துறீங்க?"

உங்கள் குழிவிழுந்த நாற்காலியில்தான். வீட்டுக்குப் பறந்து வந்து, "ஏக்கமும் இல்லை, ஒண்ணும் இல்லை, நாற்காலிதான்!" என்று உங்கள் தங்கையிடம் அறிவித்தேன்.

"உங்க நாற்காலி நல்லாத்தானே இருக்கு அண்ணி? அதுல ஏன் போய் உக்காந்தீங்க?"

நான் காபி போடப் போய்விட்டேன்.

இனி அதில் நான் உட்காரக் கூடாதாம். காலியாகக் கிடந்தால் உட்கார்ந்துவிடுவேன். சீக்கிரம் வந்து இடத்தைப் பிடியுங்கள்.

நிமிர்ந்து உட்கார்ந்து எழுதும்
உங்கள் மனைவி