சுகுணாவின் வில்

ஐப்பசி, வியாழக்கிழமை. மழை விடவில்லை.

போன வருடம் எங்கள் கலியாண நாளுக்குச் சுகுணாவுக்கு கித்துள் மரத்தில் ஒரு வில் செய்து கொடுத்தேன். அவளுடைய கைப்பலத்துக்கு அளவாகச் சீவியது. மார்பில் சத்திரசிகிச்சை நடந்த பிறகு அவளால் நாணைப் பாதிக்கு மேல் இழுக்க முடியவில்லை. இலேசாக வேறொன்று செய்து தரட்டோ என்று கேட்டேன்.

"வேண்டாம். இதைத்தான் இழுப்பன்."

இன்று தன் தங்கையோடு கண்டிக்குக் கிளினிக் போயிருந்தாள். நான் நாணைக் கழற்றி, வில்லின் உட்பக்கத்தைக் கண்ணாடித் துண்டால் சுரண்டி மெலியவைத்தேன். தூளைக் கூட்டி அள்ளினேன். எண்ணெய் பூசி, நாணைத் திரும்பப் பூட்டினேன்.

பின்னேரம் விறாந்தையில் நின்று நாணை நாடிவரை இழுத்துவிட்டாள்.

"இஞ்சை பாருங்கோ, கைக்குப் பலம் வந்திட்டுது!"

பிறகு வில்லை மோந்து பார்த்தாள். "எண்ணெய் பூசினனீங்களோ?"

"ஓம், மழைக்காலமெல்லே."

இப்போது வில்லைத் தலைமாட்டில் சாய்த்துவைத்துவிட்டுத் தூங்குகிறாள். நாளைக்கும் இழுப்பாளாம்.

இழுக்கட்டும். ஆனால் அந்தக் கை இன்னும் தளர்ந்தால், வில்லில் இனிச் சுரண்ட மரம் இல்லை.